ரிலீவருக்கு யார் ரிலீவர்?

போன திங்கட்கிழமை காலை ஒரகடத்தில் ஒரு கம்பெனி வாசலில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். லேசாக இல்லை... செமத்தியாக.

"ஏம்மா, உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கெடையாதா?" என்றார் ஒருவர். தோளில் பயணப் பை, கையில் சர்டிஃபிகேட் ஃபைல், விடிய விடிய பஸ்ஸில் உட்கார்ந்து வந்த கண்கள். "வேலை இருக்குன்னு போடுதிய. நம்பி வந்தா கேட்டுக்குள்ளயே விட மாட்டேங்காவ. வெளையாட்டா இருக்கா?"

அவருக்குப் பின்னால் ஒரு கும்பல். எல்லார் கையிலும் ஃபைல். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொருவர் ஆரம்பித்துவிட்டார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் எங்கேயும் எதையும் போடவில்லை. இந்தப் பத்தியை எழுதி அனுப்புவதற்கே எனக்கு வாரா வாரம் மூச்சு முட்டுகிறது. அவர்கள் தேடி வந்தது பேச்சியை. ஷேர் ஆட்டோவிலிருந்து கண்ணாடியும் கைப்பையுமாக முதலில் இறங்கியது நான். அதனால் நான்தான் 'பேச்சி அக்கா' என்று முடிவுகட்டிவிட்டார்கள். நிஜமான பேச்சி ஆட்டோவுக்குள் இருந்தாள். கழுத்தில் பட்டை போட்டிருந்ததால் குனிந்து பார்க்க முடியாமல், காலால் படியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதை கேட்டால் எனக்கே தூக்கம் வராது, உங்களைச் சொல்ல வேண்டுமா?

பேச்சியம்மாள் படப்பையில் என் வீட்டு மாடிப் போர்ஷனில் குடியிருக்கிறாள். ஊர் ஆலங்குளம் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்க்க வந்தவள். அதே பக்கத்து ஊர்க்காரன் இசக்கிமுத்துவை இங்கே வந்து பார்த்து, பேசி, கட்டிக்கொண்டாள். அவன் ஒரகடத்தில் கார் சீட் செய்கிற கம்பெனியில் இருக்கிறான்.

கல்யாணம் ஆன கொஞ்ச நாளில் பேச்சி வேலையை விட்டாள். "சூப்பர்வைசர் மூஞ்சியப் பாத்துப் பாத்து அலுத்துட்டுக்கா. பாத்ரூம் போணும்னாலும் அவன்ட்ட கேக்கணும். இனிமே செத்தாலும் லைனுக்குப் போக மாட்டேன்" என்றாள். ஒரு பழைய லேப்டாப்பும் டேட்டா கார்டும் வாங்கி வந்து பிளாக் ஆரம்பித்தாள்.

பிளாக்கை வைத்துப் பிழைப்பா? நானும் சிரித்தேன். பிளாக் என்றால் கவிதை எழுதுவார்கள், இல்லாவிட்டால் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பேச்சி இரண்டையும் செய்யவில்லை. முதலில் ஒரு வேலை பிளாக். எந்தக் கம்பெனியில், எந்த கேட்டில் ஆள் எடுக்கிறார்கள், ஐடிஐ போதுமா டிப்ளமோ வேண்டுமா, தாம்பரத்தில் இறங்கி எந்த பஸ் பிடிப்பது, கேன்டீன் சாப்பாட்டை வாயில் வைக்க முடியுமா – எல்லாம் வரும். அடுத்து ரூம் பிளாக். எந்த ஹாஸ்டலில் தண்ணீர் ஒழுங்காக வரும், எந்த ஓனர் செகண்ட் ஷிப்ட் முடித்து வருகிறவனுக்கு முகம் சுளிக்காமல் கதவைத் திறப்பார் என்கிற விவரங்கள். அப்புறம் ஒரு சமையல் பிளாக். ஒரே அடுப்பை வைத்துக்கொண்டு ஒரு ரூம் முழுக்கச் சாப்பிடுவது எப்படி என்று.

தமிழ்ப் பக்கங்களுக்குப் பெரிய இன்டர்நெட் விளம்பரங்கள் கிடைப்பதில்லையாம். பேச்சி அசரவில்லை. வடக்குப்பட்டு ஏழுமலையின் மெஸ், வாலாஜாபாத்தில் பழைய பைக் விற்கிறவர், ஒரு லேடீஸ் ஹாஸ்டல், ஒரு போட்டோ ஸ்டுடியோ என்று நேரில் ஏறி இறங்கி விளம்பரம் பிடித்தாள். பக்கத்தின் ஓரத்தில் அழகாக மாட்டினாள். வாடகை தேதி தவறாமல் வந்தது. நான் சிரிப்பதை நிறுத்தினேன்.

அதற்கப்புறம் அவள் ஹாலில் ஒரு போர்டு வந்தது.

வெள்ளை போர்டு. அவள் வேலை பார்த்த கம்பெனியில் லைனுக்குப் பக்கத்தில் தொங்குமே, அதே மாதிரி. ஒரு பக்கம் 'டார்கெட்', மறு பக்கம் 'ஆக்சுவல்'. எந்த பிளாக்கில் இன்றைக்கு எத்தனை பதிவு, எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை கமெண்டுக்குப் பதில் போட்டாயிற்று. குறைந்தால் சிவப்பு மை.

"யாருக்குக் காட்ட இது?" என்று கேட்டேன்.

"யாருக்கும் இல்லக்கா. எனக்குத்தான்."

சொந்தத் தொழில் என்றால் என்ன நினைக்கிறோம்? நமக்கு மேலே யாரும் இல்லை, நினைத்தபோது எழுந்திருக்கலாம், நினைத்தபோது படுக்கலாம்... அதானே? உண்மையில் நடப்பது வேறு. நம்மை விரட்டிய சூப்பர்வைசரை கேட்டிலேயே விட்டுவிட்டு வந்ததாக நினைக்கிறோம். அவர் நமக்கு முன்னால் வீட்டுக்கு வந்து, ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். கம்பெனி சூப்பர்வைசராவது ஷிப்ட் முடிந்தால் வீட்டுக்குப் போவார்.

ஒரு நாள் காலை டேங்க் நிறைந்து வழிகிற சத்தம் கேட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். டேங்க் ஏணியின் உச்சியில் பேச்சி. ஒரு கையில் ஏணி, மறு கையில் லேப்டாப், அதில் செருகிய டேட்டா கார்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு.

"அடியே, இறங்கு!"

"சிக்னல் இங்கனதான்க்கா கெடைக்கு. சார்ஜ் வேற போடல. பேட்டரி சாகதுக்குள்ள ஒண்ணே ஒண்ணப் போட்டுட்டு இந்தா வாரேன்."

டேங்க் வழிந்துகொண்டிருந்தது அவளுக்குக் கேட்கவே இல்லை. தண்ணீர் அவள் பாதத்தை நனைத்துக்கொண்டு ஓடியது. இறங்கி வந்தவளிடம் கத்தினேன். அவள் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கண் லேப்டாப்பிலேயே இருந்தது.

எந்நேரமும் ஒரு பரபரப்பு. குழம்பைக் கிண்டிக்கொண்டே ரெஃப்ரெஷ் அழுத்துவாள். எத்தனை பேர் பார்த்தார்கள்? மறுபடி அழுத்துவாள். இப்போது எத்தனை பேர்? நடுவில் ஓயாமல் போன் வேறு. காய் நறுக்கும்போது, துணி காயப்போடும்போது, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, "அண்ணாச்சி, சாப்பிட்டியளா? பிள்ளைய நல்லா இருக்காவளா?" என்று யாரிடமாவது பேசிக்கொண்டே இருப்பாள். ஊர்க்கதை பேசுகிறாள் என்று நான் நினைத்துக்கொள்வேன். அந்த நேரத்தில் கொஞ்சம் படுத்தால் என்ன என்று எரிச்சலாகவும் இருக்கும்.

ஒரு முறை காய்ச்சல் வந்து ஒரு நாள் எதுவும் போடவில்லை. 'என்னக்கா, இன்னைக்கு அப்டேட் இல்லையா?' என்று யாரோ ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு என் சமையலறையில் வந்து உட்கார்ந்து அழுதாள். "ஒரு நா காலியா விட்டா ஆளுக போயிருவாவக்கா. வேற பிளாக்குக்குப் போயிருவாவ. ஆளு போனா விளம்பரம் போகும். விளம்பரம் போனா நான் திரும்ப லைனுக்குத்தான போகணும்?"

அதுதான் அவள் பயம். மூன்று பிளாக்கும் நின்றால் மறுபடி அந்த லைன். அந்தப் பயத்தில் இந்தப் பெண் தன் வீட்டுக்குள்ளேயே மூன்று லைன் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

உடம்பு எத்தனை நாள்தான் பொறுக்கும்? மூன்று வாரத்துக்கு முந்தி ஒரு காலையில் அவள் கழுத்து பூட்டிக்கொண்டது. இந்தப் பக்கமும் திரும்பவில்லை, அந்தப் பக்கமும் திரும்பவில்லை. படப்பை டாக்டர் பட்டையைக் கட்டி, தான் சொல்லும்வரை லேப்டாப் கூடாது, போன் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் அந்த நிமிடமே அவள் போனைப் பிடுங்கி, அணைத்து, என் பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

"பிளாக் என்னாகும்?" என்று பேச்சி படுத்தபடி சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏட்டி, நான் எதுக்கு இருக்கேன்? நான் ரிலீவர்லா?" என்றான் இசக்கி.

இந்த ரிலீவர் சமாச்சாரத்தை உங்களுக்கு விளக்க வேண்டும். இசக்கிக்கு அவன் கம்பெனியில் நிரந்தரமாக ஒரு இடம் கிடையாது. லைன் ஓடிக்கொண்டே இருக்கும். நின்று வேலை பார்க்கிறவருக்கு அவசரமாகப் போக வேண்டும் என்றால் தலைக்கு மேலே இருக்கிற விளக்கைப் போடுவார். இசக்கி ஓடிப்போய் அவர் கையில் இருக்கிற கருவியை அப்படியே வாங்கி, விட்ட இடத்திலிருந்து நட்டு முடுக்குவான். அவர் வந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த விளக்கைப் பார்த்து ஓடுவான். லைன் நிற்காது. அந்த லைனில் இருக்கிற அத்தனை பேரின் அவசரமும் இசக்கியின் கால்களை நம்பித்தான் இருக்கிறது.

"ஆளு மாறுனது அடுத்து நிக்கவனுக்கே தெரியக் கூடாதுக்கா. லைன் நிக்கவும் கூடாது, நம்ம புத்திசாலித்தனத்தையும் காட்டக் கூடாது. அதாம் ரிலீவரு" என்பான். அதில் அவனுக்கு ஒரு பெருமை. இருக்கட்டும், நியாயமான பெருமைதான்.

ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் போர்டு முன்னால் உட்கார்ந்தான். டார்கெட்டைப் பார்த்தான். பேச்சி எழுதி வைத்திருந்த சமையல் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டான். வேலை பிளாக்குக்கும் ரூம் பிளாக்குக்கும் தகவல் மெயிலில் வந்தது, அதையும் போட்டான். அவள் எப்படி எழுதுவாளோ அதே மாதிரி. 'மக்களே' என்று ஆரம்பிப்பதுகூட அதே மாதிரி. 'ஆக்சுவல்' பக்கம் சிவப்பு மை இல்லாமல் போயிற்று.

"பார்த்தாயா, ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை" என்று நான் பேச்சியிடம் சொன்னேன். அவள் படுத்தபடி விரல்களால் பாயில் தட்டிக்கொண்டிருந்தாள். உற்றுப் பார்த்தால்... டைப் அடித்துக்கொண்டிருந்தாள்!

நிம்மதியாகத்தான் இருந்தேன், திங்கட்கிழமை காலை ஏழுமலை எனக்கு போன் செய்யும் வரை. மெஸ்காரர் ஏழுமலை. வடக்குப்பட்டுக்காரர். கம்பெனிகளுக்கு நிலம் போன பிறகு மெஸ் வைத்தவர். கம்பெனி கேட்டுகளுக்கு எதிரே அவர் கடை.

"இன்னா மேடம், உங்க மாடி வூட்டுப் பொண்ணு இன்னாத்தப் போட்டு வச்சிகீது? போன் பண்ணா ஸ்விச்சாஃப்னு வருது. இங்க கேட்டாண்ட கும்பலா நிக்கிறாங்கோ. செக்யூரிட்டி வேலையே இல்லன்றான். அவுங்க பேச்சி அக்கா போட்டுகீதுன்றாங்கோ. ஒரே பேஜாரா கீது, உடனே வாங்க!"

இசக்கி ஃபர்ஸ்ட் ஷிப்டில் இருந்தான். அவன் போன் லாக்கரில். கம்பெனி நம்பருக்கு அடித்து ஆளைப் பிடித்துக் கேட்டேன். "அவர் ரிலீவர்ங்க. அவர் வெளிய வரணும்னா அவருக்கு ஒரு ரிலீவர் வேணும். இன்னிக்கு யாரும் இல்லீங்க" என்று பதில் வந்தது. எத்தனை பேர் விளக்கைப் போட்டாலும் ஓடுகிறவனுக்கு, அவன் தலைக்கு மேலே விளக்கு கிடையாது.

பேச்சியை விட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் கிளம்பினேன். எனக்கு முன்னால் பட்டையோடு படியில் இறங்கி நின்றாள். வேறு வழி? ஷேர் ஆட்டோவில் அவளை ஏற்றினேன். வழியில் என் போனில் அந்தப் பதிவைத் திறந்து அவள் கண்ணுக்கு நேரே பிடித்தேன். பார்த்த மாத்திரத்தில் அவள் முகம் வெளுத்தது.

"இது போன வருசம் நான் போட்டதுக்கா. தேதிய மட்டும் மாத்தியிருக்கு."

ஒரகடம் வந்தது. இறங்கியதும் என்ன நடந்தது என்பதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. எனக்கு அர்ச்சனை நடந்துகொண்டிருக்கும்போது பேச்சி ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி முன்னால் வந்தாள்.

"அவங்கள ஏசாதிய. நாந்தான் பேச்சி."

கும்பல் அவள் பக்கம் திரும்பியது. இவ்வளவு சின்னப் பெண்ணை அவர்கள் எதிர்பார்க்கவில்லை. கழுத்துப் பட்டையையும் எதிர்பார்க்கவில்லை.

"தப்பு எம்மேலதான். பழைய தகவல் வந்துட்டு. இன்னைக்கு இங்க ஆளு எடுக்கல. மன்னிச்சிக்கிடுங்க."

புருஷன் பெயரை அவள் எடுக்கவே இல்லை. நான் எடுத்திருப்பேன். கட்டாயம் எடுத்திருப்பேன்.

முதலில் என்னைத் திட்டிய பயணப் பைக்காரர்தான் பேசினார். அவர் பெயர் சுடலைமணி என்பது அப்புறம் தெரிந்தது. சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊர், திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அங்கே மேஸ்திரியிடம் வாய்ச்சண்டை போட்டு, 'உன் வேலையே வேண்டாம்' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கிறார். அந்தத் தைரியத்தைக் கொடுத்தது பேச்சியின் பிளாக்.

"ஏம்மா, உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். குரலில் பாதிக் கோபம் இன்னும் இருந்தது.

"கழுத்துப் பூட்டிக்கிட்டு."

"அப்ப அதப் போட்டிருக்கலாம்லா? உடம்பு சரியில்ல, இந்த வாரம் ஒண்ணும் வராதுன்னு. ஒண்ணுமே போடாம விட்டிருந்தாக்கூட நான் பஸ் ஏறியிருக்க மாட்டனேம்மா! நீ போடுததப் பாத்துத்தான நாங்க கெளம்புதோம்?"

பேச்சியால் தலையைக் குனிய முடியவில்லை. பட்டை விடவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடியே நின்று அழுதாள். எனக்குத் தாங்கவில்லை. அவளை இழுத்துக்கொண்டு வந்து ஏழுமலையின் மெஸ்ஸில் உட்கார வைத்தேன். கூடவே கும்பலும் வந்தது. ஏழுமலை எல்லார் முன்னாலும் இலையைப் போட்டார்.

"பர்ஸ்ட்டு துன்னுங்க. அப்பறம் சண்ட போடலாம். பொங்கலு கீற வரிக்கும் குடுக்குறேன். அடுத்த மாசம் என் விளம்பரத்த நல்லா பெருசா போட்டுடும்மா" என்றார். வியாபாரி வியாபாரிதான்.

பேச்சி என்னிடம் கையை நீட்டினாள். "அக்கா, போனு."

டாக்டர் சொன்னது ஞாபகம் வந்தது. அந்தக் கையைப் பார்த்தபோது டாக்டர் பின்னால் போய்விட்டார். பூட்டி வைத்ததை எதற்கும் இருக்கட்டும் என்று கைப்பையில் எடுத்து வந்திருந்தேன். கொடுத்தேன்.

அவள் ஒவ்வொரு நம்பராக அடிக்க ஆரம்பித்தாள். "அண்ணாச்சி, சாப்பிட்டியளா? பிள்ளைய நல்லா இருக்காவளா? இன்னைக்கு உங்க கேட்டுல ஆளு எடுக்காவளா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை நாளாக அவள் பேசியது ஊர்க்கதை இல்லை. அந்த அண்ணாச்சிகள் எல்லாரும் இந்த ரோட்டில் இருக்கிற கம்பெனிகளின் கேட்டில் நிற்கிற செக்யூரிட்டிகள். போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தகவலையும் கேட்டில் கேட்டு உறுதி செய்துகொண்டுதான் போட்டிருக்கிறாள். அதனால்தான் சங்கரன்கோவில்காரர் திருப்பூர் வேலையை உதறிவிட்டு பஸ் ஏறுகிறார். அவள் வேலையில் பெரிய பாதி இதுதான். அது அந்த போர்டில் இல்லை. போர்டில் இல்லாததை எந்த ரிலீவர் பார்ப்பான்? கீழ் வீட்டில் இருந்துகொண்டு தினம் கேட்ட எனக்கே தெரியவில்லை.

உச்சி வெயிலுக்குள் சிலருக்கு வழி பிறந்தது. வாலாஜாபாத் போகிற வழியில் ஒரு பார்ட்ஸ் கம்பெனியில் டிப்ளமோக்காரர்களை வரச் சொன்னார்கள். வடக்குப்பட்டு பக்கம் ஒரு கான்ட்ராக்டர் ஐடிஐ முடித்தவர்களை எடுத்துக்கொண்டார். எல்லாருக்கும் கிடைக்கவில்லை. சுடலைமணிக்குக் கிடைக்கவில்லை. அவர் பத்தாவதோடு நின்றவர். வந்த பஸ் மாதிரியே ஒரு பஸ் பிடித்துத் திருப்பூருக்குத் திரும்ப வேண்டும், மேஸ்திரியின் காலில் விழாத குறையாகப் பேச வேண்டும்.

"இனிமே உன் பிளாக்கப் பாக்கவே மாட்டேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. சோர்ந்துபோய்ச் சொன்னார்.

இசக்கி ஷிப்ட் முடிந்து யூனிஃபார்மோடு மெஸ்ஸுக்கு ஓடி வந்தான். விஷயம் கேட்டுக்கு வெளியே வந்ததுமே அவன் காதுக்கு எட்டியிருந்தது. பேச்சியின் எதிரே நின்று திக்கித் திணறினான்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் வேலை பிளாக்குக்கு ஒரு தகவலும் வரல. ரேக்குல பார்ட்ஸ் வரலன்னா நாங்க முன்னமே ஒதுக்கி வச்ச பஃபர் ஸ்டாக்க எடுத்துப் போடுவோம்லா? அதே மாதிரி பழைய பதிவுல பாத்தேன். போன வருசம் இதே மாசம், இதே கம்பெனில எடுத்திருக்கான். இந்த வருசமும் எடுப்பான்னு..."

"காலியா விட்டிருக்கணும்லா?"

"லைன்ல காலியா விட்டா மெமோ குடுப்பாம்லா!"

"இது லைனா?" என்று பேச்சி கத்தினாள். மெஸ்ஸில் எல்லாரும் திரும்பினார்கள். "நான் லைனா ஓட்டுதேன் வீட்டுக்குள்ள?"

இசக்கி பதில் சொல்லவில்லை. கெட்டிக்காரன். நானும் சொல்லவில்லை. எனக்கு வாய் துறுதுறுவென்று வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்த போர்டை வாங்கி வந்து, ஆணி அடித்து மாட்டி, கோடு போட்டது யார் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேட்டு முடித்த மறு நொடியே அவள் முகத்தில் அது தெரிந்தது. தண்ணீர் டம்ளரை எடுத்தாள், குடிக்காமல் கீழே வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"நீ என்ன செய்வ, பாவம். நான் எழுதி வச்சதத்தான நீ பாத்த" என்றாள் கடைசியில்.

அன்றைக்கு சாயங்காலம் போர்டு இறங்கியது. என் டேங்க் மூடி காற்றில் பறந்துபோய் வெகு நாளாயிற்று. இப்போது அந்த போர்டுதான் டேங்க்குக்கு மூடி. 'டார்கெட்' தண்ணீரைப் பார்த்துக் கவிழ்ந்து கிடக்கிறது. மேலே ஒரு செங்கல்.

ரூம் பிளாக்கை மூடப் போகிறாளாம். சமையல் பிளாக்கை இசக்கி எடுத்துக்கொள்கிறான். ரிலீவராக இல்லை, அவன் பெயரிலேயே. ("அவிய மீன்குழம்பு என்னதவிட நல்லா வைப்பாவக்கா" என்று என்னிடம் மட்டும் ஒப்புக்கொண்டாள்.) மிச்சம் வேலை பிளாக் ஒன்றுதான். அதன் உச்சியில் அவள் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்த வரிகள் இப்போது நிற்கின்றன.

'மக்களே, போன வாரம் வந்த பதிவு தவறு. பொறுப்பு என்னுடையது. கேட்டில் கேட்டு உறுதி செய்யாத எதுவும் இனி இங்கே வராது. ஞாயிற்றுக்கிழமை பதிவு கிடையாது. மற்ற நாளில் பதிவு இல்லையென்றால் ஆள் எடுக்கவில்லை, அல்லது எனக்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். இரண்டில் எதுவானாலும் பஸ் ஏறாதீர்கள்.'

இதை வெளியிடும் பட்டனை அவளே அழுத்தினாள். "ஆளுக போயிருவாவளாக்கா?" என்று கேட்டாள். போனாலும் போகலாம். தெரியாது என்றேன். அந்த நேரத்தில் வேறு எதைச் சொன்னாலும் பொய்யாக இருந்திருக்கும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை. முதல் விடுமுறை ஞாயிறு வந்தது. இசக்கி மீன் வாங்கப் போயிருந்தான். மாடியில் சத்தமே இல்லை. சந்தேகம் வந்து ஏறிப் போனேன். டேங்க் நிழலில் பாய் விரித்து, கழுத்துப் பட்டையோடு மல்லாந்து படுத்து, போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து... ரெஃப்ரெஷ் அழுத்திக்கொண்டிருந்தாள்!

எனக்கு வந்ததே கோபம். "லீவு என்று ஊருக்கெல்லாம் போட்டுவிட்டு இங்கே என்னடி பண்ணுகிறாய்?" என்று போனைப் பிடுங்கினேன். அவள் சண்டை போடவில்லை. கண் கலங்கியிருந்தது. என்ன ஆயிற்று என்று திரையைப் பார்த்தேன்.

அந்த அறிவிப்புக்குக் கீழே கடைசியாக வந்திருந்த கமெண்ட். திருப்பூரிலிருந்து.

'தங்கச்சி, இன்னைக்கு பதிவு இல்ல. பாத்தேன். பஸ் ஏறல. கழுத்து எப்படி இருக்கு? – சுடலைமணி.'

போனை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். இன்னொரு தடவை வேண்டுமானாலும் ரெஃப்ரெஷ் பண்ணிக்கொள், தாயே!